அவள் எனக்கு என்ன முறை

என் மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவளுடைய இடது கண் சோம்பேறிக் கண் என்று டாக்டர் சொன்னார். நன்றாகப் பார்க்கிற வலது கண்ணை தினமும் கொஞ்ச நேரம் பட்டை ஒட்டி மூடி வைத்தால், வேறு வழியில்லாமல் இடது கண் வேலை செய்யப் பழகிவிடுமாம். கண்ணாடியும் போட வேண்டும். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, வயிற்றில் இவள் இருந்தபோது எந்த மாத்திரையை விழுங்க மறந்தேன், எந்தக் கீரையை ஒதுக்கி வைத்தேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்படித்தான். கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். கரும்பலகையில் போட்ட கணக்கை, பிள்ளைகள் எழுதி முடித்த பிறகும் ஒருமுறை மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். கல்யாணத்தை மட்டும் அப்படிச் சரிபார்க்காமல் செய்துகொண்டேன். படிப்பு முடிந்தது, வரன் வந்தது, அம்மா சரி என்றார், நானும் சரி என்றேன். அவரும் கெட்டவர் இல்லை. இரண்டு பேரும் ஒரு வீட்டில் ஒருவருக்கொருவர் விருந்தாளி மாதிரி இருந்தோம். குழந்தை பிறந்த பிறகும் அது மாறவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். நான் குழந்தையோடு திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கேயே மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தேன். காலையில் இரண்டு பேரும் பாசஞ்சர் ரயிலில் போய், சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புவோம்.

கண்ணாடிக் கடை, விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. கண் பரிசோதனை செய்கிறவள் என்னைவிட ஒரு வயது சின்னவளாக இருக்கலாம். நல்ல கறுப்பு, குட்டையாக வெட்டிய முடி, சட்டைப் பையில் ஒரு ஸ்கெட்ச் பேனா. என் மகள் பட்டையைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. பேனாவை எடுத்துப் பட்டையின் மேல் ஒரு நண்டு வரைந்து, அதை மேசை விளிம்பில் நடக்கவிட்டாள்.

"நண்டுக்கு வூடு இல்ல. யாராச்சும் கண்ண குடுத்தா ஒட்டிக்கினு இருக்குமாம்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு முகம் வெளியே வந்தது.

குழந்தைக்கு முடிந்ததும், என் பள்ளிக்கூட அடையாள அட்டையைப் பார்த்து, "டீச்சர், நீங்களும் ஒக்காருங்க. வந்ததுலேர்ந்து நீங்களும் கண்ண சுருக்கிக்கினுதான் பாக்கறீங்க" என்றாள். உட்கார்ந்தேன். கனமான அந்தச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்ன போட்டது தெளிவா?"

"இன்னொரு வாட்டி காட்டுங்களேன்."

காட்டினாள்.

"முன்னதுதான்னு நெனைக்கிறேன். இல்ல, இது. இன்னொரு வாட்டி மாத்துங்க."

"டீச்சர், பரிட்சையில பசங்கள இப்பிடித்தான் வுடுவீங்களா, பதில அடிச்சி அடிச்சி எழுத?"

சிரித்துவிட்டேன். என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் ஒருவர் இருக்க, நான் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதைக்கூட அப்போது கவனிக்கவில்லை. ரயிலில் போகும்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

பட்டை தீரத் தீர நாங்கள் கடைக்குப் போனோம். மகளுக்கு ஒவ்வொரு பட்டையிலும் புதுப் படம் வேண்டும். சங்கரா மீன், நெத்திலி, கடல் ஆமை என்று வரைந்து கொடுப்பாள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பம்தான் அவள் ஊர். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். அவள் விழுப்புரத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் திண்டிவனம் வரை ரயிலில் வந்து அங்கிருந்து மரக்காணம் பஸ் பிடிப்பாள். அதனால் சனிக்கிழமை பாசஞ்சரில் நாங்கள் மூன்று பேராக ஆனோம். லேடீஸ் பெட்டியில் பூ கட்டுகிறவர்கள், கீரை ஆய்கிறவர்களுக்கு நடுவில் என் மகள் அவள் மடியில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் ஸ்டேஷன் போர்டைப் படிப்பாள். "மு... ண்... டி..." என்று குழந்தை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ரயில் முண்டியம்பாக்கத்தைத் தாண்டி, சர்க்கரை ஆலையின் வாடைகூடப் போய்விட்டிருக்கும்.

எனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. வெள்ளிக்கிழமையே புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தும்போது, அவள் பேனா மூடியைப் பல்லால் கடிப்பது நினைவுக்கு வந்தது. கல்லூரியில் தோழிகள் காதல் என்று சொல்லிக் கண் கலங்கியபோதெல்லாம், அவர்கள் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பிரிந்தும் வந்த பிறகு அவர்கள் பேச்சு எனக்குப் புரிய ஆரம்பித்தது. புரிந்த உடனே பயமும் வந்தது. நான் ஒரு அம்மா. இது எனக்கு வரலாமா? இது அதுதானா, இல்லை தனிமையா? அவளுக்கும் இருக்கிறதா? நான் ஒருத்தியாகக் கற்பனை செய்துகொள்கிறேனா?

ஒரு சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் படிக்கிற கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வந்தவளை அம்மா சாப்பிடாமல் விடவில்லை. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும், பிறகு ரசஞ்சோறும். அவள் கையை நக்கிச் சாப்பிட்டதில் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

என் மகள் அதுவரை அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அது காதில் உறுத்தியது. எங்கள் பக்கத்தில் யாரையும் முறை இல்லாமல் கூப்பிட முடியாது. பால் ஊற்றுகிறவர்கூட யாருக்காவது மாமா, யாருக்காவது பெரியப்பா. அம்மா அதில் கறார்.

"அக்கா இன்னா அக்கா, ஒங்கம்மா ஈடு அவங்க. சித்தின்னு கூப்புடு. அம்மாவுக்கு தங்கச்சி மாதிரி."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவள் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சித்தி வேணாம்டா கண்ணு. அத்தைன்னு கூப்புடு."

"அத்தையா? ஏம்மா?" என்றார் அம்மா.

"சித்தின்னா மெரட்டணும்மா. அத்தைன்னா செல்லம் மட்டும் குடுத்தா போதும்."

"அதுவும் சரிதான். அத்தைக்காரி வந்தாத்தான் புள்ளைங்க கெட்டுப் போவுதுங்க" என்று அம்மா சிரித்தார். நான் ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். ரசம் சொட்டித் தரையில் விழுந்தது. "எங்கடி இருக்குது ஒன் புத்தி" என்று அம்மா அதட்டினார்.

அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சுற்றினேன். விளையாட்டுக்குச் சொன்னாளா? மிரட்டல், செல்லம் என்று சொன்னதுதான் நிஜமான காரணமா? அடுத்த சனிக்கிழமை ரயில் கிளம்பியதும் கேட்டேன். மகள் அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தாள்.

"ஏன் சித்தி வேண்டாம்னு சொன்னீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நீங்க கணக்கு டீச்சர்தான? போட்டுப் பாருங்க."

நான் போட்டுப் பார்த்திருந்தேன். சித்தி என்றால் எனக்குத் தங்கை. தங்கை என்றால் பாசம், சண்டை, சீர் எல்லாம் உண்டு. நான் வெள்ளிக்கிழமை இஸ்திரி போடுகிற புடவைக்கு அதில் இடம் கிடையாது. அத்தை என்றால் தங்கை இல்லை. என் மகளின் அப்பாவுக்குக் கூடப் பிறந்தவளாக இருக்க வேண்டும், இல்லையென்றால், அண்ணன் தம்பி இல்லாத என் வீட்டுக்கு மருமகளாக வாழ வந்தவளாக இருக்க வேண்டும்.

"போட்டேன்" என்றேன்.

"விடை வந்துச்சா?"

"வந்துச்சு. சரியான்னு தெரியல."

"இன்னொரு வாட்டி மாத்திக் காட்டணுமா, டீச்சர்?"

அவள் குரல் கிண்டலாகத்தான் இருந்தது. ஆனால் என் மகளின் சட்டைப் பொத்தானை அவளுடைய விரல்கள் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தன. பயப்படுகிறவள் நான் மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்தது. "வேண்டாம்" என்று சொல்லி, ஸ்கூல் பைக்கு மேலே இருந்த அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தேன். எதிரில் மல்லி கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எங்களைப் பார்த்தார், பிறகு நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். இரண்டு பெண்கள் கைகோத்து உட்கார்ந்தால் எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அது வசதியாக இருந்தது. யாருமே ஒன்றும் நினைக்கவில்லையே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. மயிலம் வந்தபோது 'நீங்க' என்பது 'நீ' ஆகியிருந்தது. டீச்சர் என்பதை மட்டும் அவள் விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது? பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கடை மூடும் நேரத்தில் அவள் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். அதற்காகவே நான் கண்ணாடியை அழுக்காக வைத்திருந்தேன். ஹாஸ்டலுக்குப் பக்கத்து டீக்கடையில், எனக்கு டீயில் சர்க்கரை பிடிக்காது என்று முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "இத்தினி வருஷமா மடக்கு மடக்கா துப்பாம குடிச்சியா?" என்று ஆச்சரியப்பட்டாள். குடித்தேன். என்ன கொடுத்தாலும் குடிக்கிற பெண்ணாகத்தான் வளர்ந்தேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தி கேட்டு, பதில் வரும் வரை காத்திருந்தது அதுவரை நடக்காத காரியம். நான் இருபத்தாறு வயதில் பெரியவள் ஆனேன் என்று சொன்னால் அம்மா அடிப்பார். ஆனால் அப்படித்தான் இருந்தது.

பிறகு அவள் ஒரு வீடு பார்த்தாள். விழுப்புரத்தில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், மாடி போர்ஷன், பின்பக்கம் துணி காயப்போட வெயில் படும் இடம். "நாம மூணு பேரும் இருக்கலாம். பாப்பா காலையில இன்னும் கொஞ்ச நேரம் தூங்கும்" என்றாள். வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார்.

நான் பதில் சொல்லவில்லை. வேலைக்குப் பக்கத்தில் தோழியோடு தங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். ஆனால் அதே மாதம் என் பெரியம்மா கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்திருந்தார். மனைவியை இழந்தவர், உரக்கடை, நிலம். என் குழந்தையோடு ஏற்றுக்கொள்ளத் தயாராம். "இதுக்கு மேல இன்னா வேணும் ஒனக்கு?" என்று அம்மா கேட்டபோது, என்ன வேணும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. சொன்னால் அம்மா என்னை விட்டுவிடுவாரா? விஷயம் வெளியே தெரிந்து, குழந்தையை அவளுடைய அப்பா வீட்டார் கேட்டு வந்துவிட்டால்? வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், சரி என்று சொல்லவும் முடியாமல், "பாக்கலாம்மா" என்றேன். அம்மா அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் திருவெண்ணெய்நல்லூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. "அந்தப் பொண்ணையும் கூட்டினு வா. ஹாஸ்டல் சோறே துன்னுக்கினு கெடக்குது" என்று அம்மாதான் சொன்னார். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த வயல்களைத் தாண்டி பஸ்ஸில் போனோம். பந்தலில் அவள் சும்மா உட்காரவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு பந்தி பரிமாற ஆரம்பித்துவிட்டாள். அம்மா அதையும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டாச்சிபுரம் மாப்பிள்ளையின் அக்காவும் என்னைப் பார்த்துவிட்டுப் போக அங்கே வந்திருந்தார். என் பெரியம்மா அவரை எங்களுக்கு எதிர்ப் பந்தியில் உட்காரவைத்தார். சாம்பார் போய் ரசம் வந்துகொண்டிருந்தது. என் மகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று, பந்தலின் அந்தக் கோடியைப் பார்த்துக் கத்தினாள்.

"அத்தே! அத்தே! எனக்கு அப்பளம்!"

"வர்றேண்டா தங்கம், ஜல்தியா வர்றேன்!" என்று அங்கிருந்து பதில் வந்தது.

பெரியம்மாவின் கை இலையில் நின்றது. எங்கள் பெண்கள் கணக்குப் போடுவதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. குழந்தைக்கு அத்தை. பெற்றவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்படியென்றால்?

"அடிப்பாவி," என்றார் பெரியம்மா பக்கத்து இலையிடம். "இவள கட்டிக் குடுத்தோமே, அவன் தங்கச்சிடி அது! கல்யாணத்துல பாத்தது. முடிய வெட்டிக்கினு அடையாளமே தெரியல."

மோர் வருவதற்குள் அது பந்தல் முழுக்கப் போய்விட்டது. தீர்த்துக்கொண்டு வந்தவள் நாத்தனாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், திரும்ப அங்கேயே போகப் போகிறாள், பிறகு எதற்கு எங்களை வரச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அக்கா பாயசத்தைத் தொடாமல் இலையை மூடினார். அவளோ ஒன்றும் தெரியாமல் அப்பளக் கூடையோடு வந்து நின்று, என் மகளுக்கு இரண்டும், அந்த அம்மாளுக்கு ஒன்றும் வைத்தாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, என்ன நடந்தது என்று மட்டும் சொன்னேன். "நான் வெச்ச பேர்தான டீச்சர், பேஜாரா போச்சி" என்று அவள் முகம் வாடியது. "நீ எது சொன்னாலும் எனக்கு சரி. சித்தின்னு சொல்லணும்னா சொல்லிடு" என்றாள். பஸ் கிளம்பிய பிறகும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காதது அதுதான் முதல்தடவை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மா செருப்பைக்கூட ஒழுங்காக விடவில்லை.

"அன்னிக்கே சித்தின்னு கூப்புட சொன்னேன். கேட்டீங்களா? ஒரு வார்த்தையில குடி கெட்டுது பாத்தியா. சரி, இதுல ஒன்னும் இல்ல. எங்கக்காவுக்கு போன் போடறேன். அது அத்தை இல்ல, சித்தி, கூட வேல செய்யற பொண்ணு, கொழந்த தெரியாம கூப்புட்டிச்சின்னு நீயே ஒன் வாயால சொல்லிடு. அவங்க நாளைக்கே திரும்பி வருவாங்க."

அம்மா போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் கையில் கொடுத்துவிட்டார். மணி அடித்துக்கொண்டிருந்தது. சித்தி. மூன்றே எழுத்து. ஒருமுறை சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அம்மா சமாதானமாவார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை ரயில்கூட அப்படியே இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு என் மகள் தினமும் அந்தச் சொல்லைச் சொல்வாள், நாங்கள் இரண்டு பேரும் தினமும் அதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

"இன்னாடி?" என்றது பெரியம்மாவின் குரல்.

"பெரியம்மா, அது அவரோட தங்கச்சி இல்ல. அவரு வீட்டோட எனக்குப் பேச்சே கிடையாது."

"அதான பாத்தேன். அப்போ சும்மா வாய்க்கு வந்தத கூப்புடுதா புள்ள?"

அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லு, சொல்லு.

"இல்ல பெரியம்மா. அத்தைதான்."

"எந்த வழியில அத்தை?"

"என் வழியில."

போனை அணைத்துவிட்டேன். சரியாகச் சொன்னேனா, இன்னும் கொஞ்சம் சுற்றிச் சொல்லியிருக்கலாமா என்று அந்த நேரத்திலும் ஓடியது.

"ஒன் வழியிலன்னா இன்னா அர்த்தம்?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "ஒனக்கு ஏதுடி அண்ணன் தம்பி? எனக்கு ஆம்பள புள்ளயே இல்ல. அப்புறம் மருமவ மட்டும் எங்கேர்ந்து வந்தா?"

கோபத்தில் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அந்தக் கேள்வியை அவரே காதில் வாங்கினார் என்று நினைக்கிறேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அவ எனக்குக் கட்டிக்கிற முறைம்மா" என்றேன்.

அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மூக்கில் வழுக்காமல் இருக்க அவள் சரிசெய்து கொடுத்த அதே கண்ணாடி. புடவைத் தலைப்பால் ஒரு பக்கம் துடைத்தார், மறு பக்கம் துடைத்தார், போட்டுக்கொள்ளாமல் மடியிலேயே வைத்திருந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். அழுவார் என்று காத்திருந்தேன். உள்ளே என் மகள் பொம்மைக்குப் பட்டை ஒட்டிக்கொண்டு, "அழாத, நண்டு வந்துடும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்கு பட்டை எடுக்கற நேரம் ஆயிடுச்சி பாரு" என்றார் அம்மா கடைசியில்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் சாப்பாட்டையும் குழந்தையையும் தவிர வேறு பேச்சு இல்லை. நான் எடுத்த முடிவை ஒவ்வொரு நாளும் ரயிலில் ஒருமுறை திரும்ப எடுத்தேன். ஒரு காலையில், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அவங்க வூட்டுல தெரியுமா?"

"அவ அண்ணனுக்குத் தெரியும். அம்மா அப்பாவுக்கு இன்னும் சொல்லல."

"ம்." பாக்ஸைப் பையில் வைத்துவிட்டு, "பெரியம்மா நாலு வாட்டி போன் பண்ணிட்டா. அவளுக்கு நான் இன்னா சொல்லிக்கிறேனோ அது என் பாடு. நீ ஒன்னும் பேசாத."

"அம்மா, பாப்பாவக் கேட்டு அவங்க அப்பா வீட்ல வந்தா..." இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்தது, என்னையறியாமல் வெளியே வந்துவிட்டது.

அம்மா திரும்பினார். "வரட்டும். பெத்தவ நீ இருக்கற, நான் ஒருத்தி இருக்கறேன். வந்து கேட்டுப் பாக்கட்டும்." அந்த எண்ணிக்கையில் அவள் இல்லை. நான் கவனித்தேன். ஆனால் அந்த எண்ணிக்கையே எனக்குப் போதுமானதாக இருந்தது அன்று.

மாதக் கடைசியில் நான் வீட்டுக்காரரிடம் சரி என்று சொன்னேன். அவளிடம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கல்யாணத்தைத் தவிர, இன்னொரு வாட்டி கேட்காமல் நான் செய்த காரியம் எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான். குடிபோன அன்று வீட்டுக்கார அம்மாள் "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், "இல்ல, இவங்க என் அத்தை" என்றாள். "ஓ, நாத்தனாரா. ஒத்துமையா இருக்கீங்களே, நல்லது" என்று சாவியைக் கொடுத்தார். மாடிப்படியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாளிடம் இன்னும் நாங்கள் திருத்திச் சொல்லவில்லை. எல்லாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வந்துவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் திண்டிவனம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறோம். அவள் மரக்காணம் போய்விடுவாள். அம்மா அவளைப் பற்றிக் கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன். ஆனால் என் மகளுக்கு அந்த நாசூக்கு தெரியாது. அத்தை தோசை கருக்கிவிட்டாள், அத்தை என்னைச் சைக்கிளில் வைத்துத் தள்ளினாள், டாக்டர் பட்டை ஒட்டுகிற நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார், அத்தை டான்ஸ் ஆடினாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் கிளம்பும்போது, நான் வாசலில் ஒரு செருப்பை மாட்டி இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவை என் மகளின் கையில் கொடுத்தார்.

"மல்லாட்ட உருண்ட. ஒங்க அத்தகிட்ட குடு. வழியிலயே எல்லாத்தையும் நீயே துன்னுடாத."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தார். குழந்தை கூப்பிடுகிற பேரை அப்படியே சொல்லிவிட்டாரா? இல்லை, தெரிந்துதான் சொன்னாரா? எங்கள் முறைகளில் கறாரான அம்மா, ஒரு சொல்லை வாய்தவறி விடுகிறவர் இல்லை. ஆனால் ரயில் பேரணி ஸ்டேஷனைத் தாண்டும் வரை நான் அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அவள் டப்பாவைத் திறந்து, ஒரு கடலை உருண்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். மெல்வதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அப்போ நான் ஒங்கம்மாவ இன்னான்னு கூப்புடணும்?"

"அத்தைன்னுதான்" என்றேன். அவளுக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டவரின் அம்மாவுக்கும் அதே பேர்தான்.

என் மகள் தரையில் உட்கார்ந்து, பட்டை ஒட்டாத இரண்டு கண்களோடும் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ஆயாவும் அத்தையா? அத்தைக்கே ஒரு அத்தையா?" என்று சிரித்தாள். அவள் உருண்டை ஒட்டிய கையை எழுந்து போய்க் கழுவினாள். ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டாள். பரிசோதனை மேசையில் உட்கார்ந்த குழந்தையைப் போல அவள் முகம் இறுகியிருந்தது. நான் என் காதையும் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"அத்தை," என்றாள். "நான்தான் பேசறேன். டப்பா வந்துச்சி."

போனில், திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற தண்ணீர் வண்டியின் மணிச் சத்தம் கேட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெல்லம் தூக்கலா போச்சா?" என்று கேட்டார் அம்மா.